மின்னாற்றல் பாடம் எடுப்பவர்களுக்கு 2 நாள் பயிற்சி: எதை வைக்கலாம்?

எண்ணூர்_மின்னியல்: வடசென்னையில் 20 பொறியியல் விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி. மின்னாற்றல் பாடத்துக்குள் காலநிலை மாற்றத்தையும் கொண்டுவரணும். ஸ்லைடு வேண்டாம், செய்து பார்க்கிற மாதிரி சொல்லுங்க.

அத்திப்பட்டு_கணக்கு: பக்கத்தில் இருக்கிற வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்தே ஆரம்பிங்க சார். அங்கே இருக்கிற 600 மெகாவாட் மின் உற்பத்தி அலகு ஒன்று முழுச் சுமையில் 1 மணி நேரம் ஓடினால் 6 லட்சம் யூனிட். நிலக்கரிக்கு யூனிட்டுக்கு 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 540 டன். அடுத்து 1 மெகாவாட் சோலாருக்கு ஆண்டு உற்பத்தி போடச் சொல்லுங்க. பலரும் 1000-ஐ 8760-ஆல் பெருக்கி 87.6 லட்சம் யூனிட் என்பார்கள். இரவு, மேகம் எல்லாம் போக முழுத் திறனில் உண்மையில் கிடைக்கும் பங்கான 19% பயன்பாட்டுக் காரணியைச் சேர்த்தால் 16.6 லட்சம்தான். இந்தத் தப்பை அவர்களே பிடிக்கட்டும். மாலை 7 மணிச் சுமைக்குச் சோலார் கிடையாது என்பதையும் அங்கேயே பேசிடுங்க.

ரியோஸ்டாட்: லேப்பில் சோலார் பேனல் எந்த மின்தடையில் அதிக வாட் தருகிறது என்று அளக்கச் சொல்லலாம். அதுக்கு 100 வாட் பேனல் எடுக்காதீங்க. அது 5.5 ஆம்பியர் தரும், அதிக வாட் கிடைக்கும் அதிகபட்சப் புள்ளி 3.3 ஓமில் வரும். 50 ஓம், 5 ஆம்பியர் ரியோஸ்டாட்டில் (மின்தடையை மாற்றும் கருவி) கைப்பிடியை லேசாக நகர்த்தினாலே புள்ளி தாண்டிடும், கம்பியும் சூடாகும். 20 வாட் போதும்: 18 வோல்ட், 1.1 ஆம்பியர், அதிகபட்சப் புள்ளி 16 ஓமில். நிதானமாக 12 அளவீடு எடுக்கலாம்.

எண்ணூர்_மின்னியல்: வாட் குறைவாக வந்தால் பேனல் பழுதா?

ரியோஸ்டாட்: அவசரப்படாதீங்க. முதலில் துடைங்க, உப்பும் சாம்பலும் படியும் ஊர் இது. பேனல் மேல் எழுதியிருக்கும் வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. வெயிலில் பேனல் 60 டிகிரி ஆனால், டிகிரிக்கு 0.4% வீதம் 14% போயிடும். பின்பக்கம் தெர்மாமீட்டர் ஒட்டி அளந்தாலே புரியும்.