கடல் தெய்வத்தோட பேரம்: என்ட கதையில பாரம் வரமாட்டேங்குது, ஆராவது உதவுங்கோ

வெள்ளவத்தை_அலை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். மூண்டு வருஷமா ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறன், வேலையால வந்து சாப்பிட்டிட்டு ராவில தான் எழுதுறது, இப்ப 9ம் அத்தியாயத்துல சரியா மாட்டுப்பட்டுப் போனன். கதை நடக்கிறது ஒரு தீவுல. அங்க மனிசருக்கு என்ன வேணுமெண்டாலும் தெய்வத்தோட பேரம் பேசித்தான் எடுக்கோணும். கதாநாயகி வள்ளம் கட்டுறவ. கடலுக்குப் போன தம்பி திரும்பி வரேல்ல, அவ கரைக்குப் போய் கடல் தெய்வத்தக் கூப்பிடுறா, தெய்வம் வருது, உன்ட தொழிலத் தா எண்டு கேக்குது, அவ ஓம் எண்டுறா, அடுத்த நாள் தம்பி வந்திடுறான், இவவுக்கு வள்ளம் கட்டுற வேலை முழுக்க மறந்து போகுது.

வாசிச்ச சிநேகிதி சொன்னா, தெய்வம் பேங்க் கவுன்டர்ல இருக்கிற மாதிரி இருக்காம், ஃபோர்ம் நிரப்பி சைன் வச்சு காசு வாங்கிக்கொண்டு போற மாதிரி. சரியா கவலையா போச்சு, ஏனெண்டா அவ சொன்னது உண்மை. பிறகு கதாநாயகி தப்புறதுக்கு ஒப்பந்தத்துல ஒரு ஓட்டை வச்சு எழுதிப் பாத்தன், அது இன்னும் மலிவாப் போச்சு. பேரத்துக்கு பாரம் எங்கயிருந்து வருது? நீங்க கேட்ட கதையள்ல எது உங்கள உலுக்கினது?

மகிழமரம் எழுதினது:

தம்பி, ஓட்டை வைக்கிறது பிழையில்ல, ஆர் வைக்கிறது எண்டதுல தான் விஷயம் இருக்கு. சூரபத்மன் யாகத்துல தன்னையே குடுத்து 1008 அண்டத்தயும் 108 யுகம் ஆள வரம் வாங்கினவன், சிவன்ட சக்தியத் தவிர வேற எதாலயும் சாவு இல்ல எண்டும் வாங்கினான். அந்த ஒரு சொல்லுக்குள்ளால தான் முருகன் வாறார். கந்தசஷ்டிக்கு கோயில் வீதியில சூரன் போர் பாக்கேக்க எனக்கு எப்பவும் கடைசிக் கட்டம் தான் மனசுல நிக்கும், மாமரமா நிண்டவன வேல் பிளந்து ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். வரம் வாங்கினவன அழிச்சு முடிக்காம தன்னோடயே வச்சுக்கொள்ளுறார்.

ஆனா உங்களுக்கு நான் சொல்ல வந்தது சுந்தரர்ட கதை. திருவொற்றியூர்ல சங்கிலியாரக் கட்டுறதுக்கு, உன்னப் பிரிய மாட்டன் எண்டு சந்நிதியில சத்தியம் செய்யோணும். அவருக்கு ஒரு ஊர்ல நிக்க ஏலாது, அதால சிவனிட்டயே போய், நான் சத்தியம் செய்யேக்க நீர் கருவறையில இருக்கக்கூடாது, மகிழமரத்தடியில போய் இரும் எண்டு கேக்கிறார். சிவனும் சரி எண்டிட்டு, சங்கிலியார்ட கனவுல போய், மரத்தடியில சத்தியம் வாங்கு எண்டு சொல்லிடுறார்! ரெண்டு பேருக்கும் சிநேகிதன், ரெண்டு பேருக்கும் சாட்சி. சுந்தரர் ஊர் எல்லை தாண்டினதும் ரெண்டு கண்ணும் போயிடுது. அழுது பாடிக்கொண்டு போறவருக்கு திருவெண்பாக்கத்துல குடுத்தது ஒரு ஊன்றுகோல் மட்டும். இடக்கண் காஞ்சியில, வலக்கண் திருவாரூர்ல. உங்கட கடல் தெய்வத்துக்கு இவளில பாசம் இருக்கா? முதல்ல அத முடிவெடுங்க. பாசம் உள்ள தெய்வம் கண்ண எடுத்திட்டு கோல் குடுக்கும், கவுன்டர்ல இருக்கிறது அப்பிடி செய்யாது.

கொச்சிக்கடை_அக்கா எழுதினது:

நல்ல கேள்வி தம்பி. நான் சின்னதுல இருந்து அந்தோனியார் கோயில் பக்கம் தான், செவ்வாய்க்கிழமையில எந்த சமயத்து ஆளும் வந்து மெழுகுதிரி பத்தவச்சு நேர்த்தி வைக்கிறத பாத்தே வளந்தன். அந்தக் கோயில் வந்த கதையே உங்கட கதைக்கு கிட்ட தான் இருக்கு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்த தடை செஞ்சிருந்த காலத்துல ஒளிச்சிருந்த ஒரு குருவானவர் கிட்ட மீன்பிடிக்கிற சனம் போய், கடல் ஊர அரிக்குது, மன்றாடி நிப்பாட்டித் தாங்க என்டு கேட்டாங்களாம். அவர் கரையில சிலுவைய நட்டு மூணு நாள் செபிச்சாராம், கடல் பின்வாங்கி மணல் திட்டு எழும்பிச்சாம். ஒளிச்சிருந்தவர் எல்லார் கண்ணுக்கும் முன்னால வந்து நின்டது தான் அவர் குடுத்த விலை, யாரும் கேட்டு வாங்கல்ல.

வேதாகமத்துல அன்னாள் என்டு ஒரு தாய், பிள்ளை தந்தா உமக்கே குடுப்பன் என்டு வாக்கு குடுக்கிறா. பால் மறந்ததும் கொண்டு போய் ஆலயத்துல விட்டுர்றா. அதுக்குப் பிறகு வருஷா வருஷம் ஒரு சின்ன அங்கி தச்சு எடுத்துட்டுப் போவா. அளவு எடுக்க பிள்ளை கிட்ட இல்ல, போன வருஷத்த விட எவ்வளவு வளந்திருப்பான் என்டு யோசிச்சு தான தச்சிருப்பா, அதை நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது. உங்க கதையில விலைய ஒரே நாள்ல குடுத்து முடிச்சிட்டீங்க தம்பி.

கொட்டாஞ்சேனை_பேரன் எழுதினது:

எங்கட வீட்டுல நடந்தத சொல்றன். 1975ல மாமாவுக்கு 6 வயசு, நெருப்புக்காய்ச்சல், டாக்டர் கைய விரிச்சிட்டார். அம்மம்மா 25 சதக் காசு ஒண்ட மஞ்சள் துணியில முடிஞ்சு சாமிப்படத்துக்கு பின்னால வச்சா, பிள்ளை எழும்பினா கதிர்காமத்துல காவடி எடுப்பான் எண்டு. பிள்ளை எழும்பிட்டான். ஆனா ஒரு வருஷம் காசில்ல, ஒரு வருஷம் வீட்டுல சாவு, பிறகு 83 கலவரம் வந்துட்டு. வீட்ட விட்டு ஓடேக்க நகை எங்க எண்டு பாக்காம அந்த முடிச்ச இடுப்புல செருகிக்கொண்டு போனாவாம். இங்க ஒரு கோயில்ல கழிச்சிட்டா என்ன எண்டு எத்தினையோ பேர் சொல்லியும் கேக்கேல்ல, சொன்ன இடத்துல தான் எண்டுட்டா. கழிக்காமலே செத்துப் போனா. 2011ல மாமா 42 வயசுல, நரைச்ச தலையோட காவடி எடுத்தார். அம்மா முடிச்ச அவிழ்க்கேக்க துணி தோல் மாதிரி விறைச்சுப் போய், காசு கறுத்திருந்தது, கழுவாம அப்பிடியே உண்டியல்ல போட்டம்.

இதுல முருகன் ஒரு வார்த்தை கதைக்கேல்ல பாருங்கோ. கதிர்காமத்துல சந்நிதியில திரை தான் தெரியும், உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு சனத்துக்கு காட்டுறதில்ல. மருந்தால சுகம் வந்ததோ அவரால வந்ததோ எண்டு அம்மம்மாக்கும் நிச்சயமாத் தெரியாது, ஆனா கடன் கடன் தான். உங்கட தெய்வம் ஏன் வந்து கதைக்குது? கதைக்க விடாதீங்கோ. இன்னுமொண்டு, உங்கட கதாநாயகி செத்தா அந்த நேர்த்திய ஆர் கழிக்கிறது?

வெள்ளவத்தை_அலை எழுதினது:

அண்ணா, உங்கட பதிவ பஸ்ஸுல வாசிச்சு இறங்கவேண்டிய ஹோல்ட்ட விட்டுட்டன். அக்காவுக்கும் மகிழமரம் ஐயாவுக்கும் சரியான நன்றி. நேத்து ராவு முழு அத்தியாயத்தயும் அழிச்சிட்டு திரும்ப எழுதினன். தெய்வம் வாறதில்ல இப்ப. அவ கரையில நிண்டு, தம்பி வந்தா இனி உளியத் தொடமாட்டன் எண்டு தானா சொல்றா, கேட்டது அலை மட்டும். 11 நாள் கழிச்சு தம்பி வாறான், காத்து திரும்பினதால வந்தன் எண்டு சொல்றான். வேலை அவவுக்கு மறக்கவும் இல்ல, எல்லாம் கையில இருக்கு. அரைவாசி கட்டின வள்ளம் முத்தத்துல கிடக்கு, தம்பிட பழைய வள்ளம் ஒழுகுது, அவன் வந்து அக்கா இந்த இடுக்க மட்டும் அடைச்சுத் தாவன் எண்டு கேக்கிறான். அவ தான் என்ன சொன்னா எண்டு அவனுக்குத் தெரியாது. இதுல நிக்குது.

கொச்சிக்கடை_அக்கா எழுதினது:

அவனுக்கு சொல்லவேணாம் தம்பி, இப்போதைக்கு. அவளே பக்கத்துல உக்காந்து, எங்க அடைக்கணும் என்டு வாயால சொல்லிக்குடுக்கட்டும், அவன் கையால செய்யட்டும். அடுத்த அத்தியாயம் எப்ப அனுப்புவீங்க?