புதுப்பிப்பு: ஆர்ஓ தண்ணீர் நூலாக வடிந்த விஷயம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போர் தண்ணீர், டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,400; வீட்டு ஆர்ஓ சுத்திகரிப்பானில் தண்ணீர் நூலாக வடிகிறதே, உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனை மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்ற வேண்டாம். வடிகட்டி வரும் தண்ணீர் 90 டிடிஎஸ்தான், அதாவது மெம்பிரேன் கிழியவில்லை.

கோளாறு கழிவு ட்யூபில் இருக்கும் விரல்நீள ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரில், அதாவது கழிவுத் தண்ணீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் பாகத்தில். சுண்ணாம்பு அடைத்துக் கழிவு சொட்டாகிவிட்டது. வெளியேற வழியில்லாத உப்பு மெம்பிரேன் மேலேயே படிந்திருக்கிறது. பழைய அளவிலேயே புதியது போட்டாச்சு. மெம்பிரேனை, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த ஆர்ஓ தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசியதும் ஓட்டம் திரும்பியது. முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வைகைக் குழாய்த் தண்ணீர், டிடிஎஸ் 500க்குள் என்றால் யுஎஃப் (நுண்துளை வடிகட்டி) போதும். கிருமியைப் பிடிக்கும், உப்பை விட்டுவிடும். அங்கே ஆர்ஓ வீண்செலவு.