எதிரெதிரே செல்லும் ரயில்கள்: விடை 10 நொடியா, 4 நொடியா?

காரைக்குடி வாசகர்:
போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கில் ஐயம். 210 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்திலும், 140 மீட்டர் நீளமுள்ள மற்றொரு ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்திலும் அடுத்தடுத்த தண்டவாளங்களில் எதிரெதிரே செல்கின்றன. முதல் ரயிலில் சன்னலோரம் அமர்ந்திருப்பவரை இரண்டாவது ரயில் கடக்க எத்தனை நொடி ஆகும்? இரு நீளங்களையும் கூட்டினால் 10 வருகிறது. புத்தகத்தில் 4 என்று இருக்கிறது. எது சரி?

தேவகோட்டை ஆச்சி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியை):
தம்பி, 4தான் சரி. மணிக்கு இத்தனை கி.மீ. என்பதை 5/18ஆல் பெருக்கினால் நொடிக்கு 20 மீட்டர், 15 மீட்டர் என்று வரும். எதிரெதிர்த் திசை என்பதால் இரண்டையும் கூட்ட வேண்டும்; சார்பு வேகம், அதாவது ஒரு ரயிலில் இருந்து பார்க்கும்போது மற்றது நகரும் வேகம், நொடிக்கு 35 மீட்டர். இனி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். எதிர் ரயிலின் எஞ்சின் முகப்பு பயணியின் சன்னலுக்கு நேரே வரும்போது தொடங்கி, கடைசிப் பெட்டியின் பின்முனை அதே சன்னலைத் தாண்டும்போது முடிகிறது. இடையில் அவரைக் கடந்து போவது எதிர் ரயிலின் 140 மீட்டர் மட்டுமே; 140/35 = 4. அவர் முன்பெட்டியில் இருந்தாலும் கடைசிப் பெட்டியில் இருந்தாலும் விடை மாறாது. ரயிலை ரயில் கடக்கும் நேரம் கேட்டிருந்தால்தான், இரு முகப்புகளும் சந்திப்பதிலிருந்து இரு பின்முனைகளும் பிரிவது வரை 350 மீட்டரைக் கணக்கிட்டு 10 என்று எழுத வேண்டும். மேசையில் இரண்டு பென்சில்களை எதிரெதிரே நகர்த்திக் காட்டுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அது நன்றாக மனத்தில் பதியும்.

புதுவயல் வாசகர்:
இவையே ஒரே திசையில் சென்றால் வேகங்களைக் கழிக்க வேண்டும் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். சார்பு வேகம் 5 ஆகிவிடுவதால், வேகமான ரயில் மற்றதை முழுமையாக முந்த 70 நொடி ஆகும். அதன் பயணி ஒருவர் மட்டும் மற்ற ரயிலைத் தாண்ட 28 நொடி. நம் திருச்சி–காரைக்குடி–மானாமதுரை தடம் ஒற்றைப் பாதை என்பதால், எதிர் ரயில் கடந்து போகும் கிராசிங்குக்காக ஒரு ரயில், நிலையத்தில் காத்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். நிற்கும் ரயிலின் வேகம் 0; ஆகவே அதில் அமர்ந்திருப்பவரை இதே 140 மீட்டர் ரயில் 54 கி.மீ. வேகத்தில் கடக்க 140/15, ஏறத்தாழ 9.3 நொடி.

காரைக்குடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. பயணி ரயிலுக்குள் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று மகள் கேட்கிறாள், ஆச்சி.

தேவகோட்டை ஆச்சி:
நல்ல கேள்வி. எஞ்சின் பக்கமாக நொடிக்கு 1 மீட்டர் நடந்தால் சார்பு வேகம் 36, நேரம் ஏறத்தாழ 3.9 நொடி; பின்பக்கமாக நடந்தால் 34, ஏறத்தாழ 4.1 நொடி.