36 வயதில் ஜப்பானியம்: வகுப்பா, செவியா, தமிழ் வழியா?

நாகோயா பயணி
எனக்கு வயது 36. ஏப்ரலில் நாகோயாவில் வேலைக்குச் சேர வேண்டும். ஜூலையில் நடந்த ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 என்னும் தொடக்க நிலை தேறிவிட்டேன். ஆனாலும் நேற்று அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியபோது ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. வார இறுதி வகுப்பைத் தொடர்வதா, விட்டுவிட்டுக் கேட்டுக் கேட்டே பழகுவதா?

ஒசாகா செவி
விட்டுவிடுங்கள் நண்பரே. அந்தத் தேர்வில் பேசச் சொல்லி ஒரு கேள்வி இல்லை, எழுதச் சொல்லி ஒரு வரி இல்லை. கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒரு நிமிட உரையாடலை எடுத்துக்கொண்டு, பேசுகிறவரின் பின்னாலேயே வாய்விட்டுச் சொல்வேன். ஒரு வாரம் முழுக்க அதே நிமிடம்தான். ஆறு மாதத்தில் காது திறந்தது.

வினையெச்சம்
காது மட்டும் போதும் என்பது குழந்தைக்குப் பொருந்தும். 36 வயதுக்காரரிடம் ஒரு முழு இலக்கணம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பூட்டிவைத்துவிட்டு ஆங்கில விளக்கத்தில் ஏன் தடுமாற வேண்டும்? ‘தபெதெ மிரு’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. ‘குரெரு’, ‘அகெரு’ இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். நமக்கோ முன்னது ‘எனக்குத் தந்தார்’, பின்னது ‘அவருக்குக் கொடுத்தார்’. தன்மை, முன்னிலைக்குத் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’ என்று தொல்காப்பியமே பிரித்திருக்கிறது. ‘கொரெ, சொரெ, அரெ’ மூன்றும் யாழ்ப்பாணத்தாரின் ‘இது, உது, அது’; ‘உது’ கேட்பவர் பக்கம் இருப்பது. தமிழும் ஜப்பானியமும் ஒரே மொழிக் குடும்பம் என்று நான் சொல்லவில்லை, அது நிறுவப்படாத கருத்து. படிப்பதற்கு இந்த ஒப்புமை உதவுகிறது, அவ்வளவே.

ஒசாகா செவி
தமிழ் வழி என்று தொடங்கிய குறிப்பேடுதான் என் முதல் ஆண்டைக் கெடுத்தது. வானிலை, மின்சாரம் இரண்டையும் ‘தென்கி’ என்றே எழுதிவைத்திருந்தேன். முதல் எழுத்தின் ஒலி வேறு. தமிழ் எழுத்து அதைக் காட்டாது. ‘இன்று வானிலை நன்றாக இருக்கிறது’ என்று ஒரு பாட்டியிடம் சொன்னேன், அவர் விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

வினையெச்சம்
அது எழுத்தின் குறை. முதல் வாரத்திலேயே ஹிரகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்துக்கு மாறிவிட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது இலக்கணத்தை.

சென்னை ஆசிரியை
வகுப்பை விடச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளில் பொதுப் பயன்பாட்டுக்கு வகுத்தவை மட்டும் 2136. வாடகை ஒப்பந்தத்தைக் காதால் படிக்க முடியாது. கடல், ஏரி, கழுவு, நீந்து என்ற நான்கு எழுத்துகளிலும் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் இருப்பதை ஒருவர் காட்டிவிட்டால், பிறகு எங்கே பார்த்தாலும் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, மரியாதை. அனிமே எனும் ஜப்பானிய அசைபடங்களைக் கேட்டே பழகிய மாணவர் ஒருவர் வேலை நேர்காணலில் தம்மை ‘ஒரெ’ என்று சொல்லிக்கொண்டார். நண்பர்களுக்கு நடுவே ஆண்கள் சொல்லும் சொல் அது. திருத்த அவருக்கு யாரும் இருந்ததில்லை.

நாகோயா பயணி
வகுப்பைத் தொடர்கிறேன் அம்மா. குறிப்பேட்டையும் இன்றே மாற்றுகிறேன். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிவரும் ‘வா’, ‘கா’ என்ற இடைச்சொற்களின் வேறுபாடு மட்டும் இன்னும் புரியவில்லை. தமிழில் அதற்கு இணை உண்டா?

வினையெச்சம்
‘யார் போகிறீர்கள்?’ என்று கேட்டால் ‘நான்தான்’ என்பீர்களே, அங்கே ‘கா’. ‘மீன் என்றால் சாப்பிடுவேன்’ என்பதில் வரும் ‘என்றால்’ ஏறக்குறைய ‘வா’.

ஒசாகா செவி
அந்த ‘ஏறக்குறைய’வில்தான் நான் சிக்கிக்கொண்டேன். இரண்டும் வரும் ஐம்பது வாக்கியங்களைத் திரட்டி, தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசுகிறவர் நாம் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை காத்திருக்க மாட்டார்.