12 சாக்ஸபோனுக்கு இசையமைப்பாளர் க்ரீக்கோட ஹோல்பெர்க் சூட் (பல பகுதி இருக்கிற இசைத் தொகுப்பு), எந்த கீல (ஸ்ருதில) வைக்கலாம்?

ரீடுகடிச்சான்: எங்க குழுல உச்ச ஸ்தாயி சாக்ஸ்ல இருந்து கீழ வரைக்கும் சோப்ரனினோ 1, சோப்ரானோ 2, ஆல்டோ 3, டெனர் 3, பாரிடோன் 2, பேஸ் 1. 1885ல ஸ்ட்ரிங்ஸுக்கு எழுதின வெர்ஷன்ல இருந்து மாத்திட்டு இருக்கேன். முதல் பகுதி ப்ரிலூட் ஜி மேஜர். சாக்ஸ்ல எழுதுற ஸ்வரம் வேற, கேக்குற ஸ்வரம் வேறங்கறதால, அப்படியே விட்டா ஆல்டோ பாரிடோனுக்கெல்லாம் நாலு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏத்துற குறி; இறக்குறது ஃப்ளாட்), பசங்க முறைக்கிறாங்க. அரை ஸ்வரம் ஏத்தி ஏ ஃப்ளாட்ல வச்சா அவங்களுக்கு ஒரே ஒரு ஃப்ளாட்தான். பண்ணிடலாமா? இன்னொன்னு, அந்த குதிரை ஓட்டம் மாதிரி வர்ற ரிதம் பத்து பார்லயே (தாளக் கட்டம்) நாக்கு மரத்துப்போகுது.

மூச்சுப்பிடி: அவசரப்படாதீங்க. நாலாவது பகுதி 'ஏர்' ஜி மைனர்ல இருக்கு, மொத்தத்தையும் அரை ஸ்வரம் ஏத்துனா அங்க ஆல்டோவுக்கு நாலு ஃப்ளாட், டெனருக்கு அஞ்சு. அதுக்குப் பதிலா எஃப்க்கு இறக்கிடுங்க, ப்ரிலூட்ல டெனருக்கு ஒரு ஷார்ப், ஆல்டோவுக்கு ரெண்டு, ஏர்லயும் ரெண்டு ஃப்ளாட்டுக்கு மேல போகாது, சோப்ரானோவும் மேல கத்த வேண்டாம்.

பாரிடோன்காரன்: இறக்கினா அடி வாங்குறது நாங்கதான். செல்லோவோட அடி சி வரைக்கும் லோ ஏ கீ (அடி ஸ்வரத்துக்கான பொத்தான்) இருக்கிற பாரிடோன் போகும், எஃப்ல அது பி ஃப்ளாட் ஆயிடும், எங்ககிட்ட அந்த ஸ்வரமே கிடையாது, பேஸ்தான் எடுக்கணும். செகண்ட் வயலின் பார்ட்டையும் பாருங்க, வயலினோட ஜி கம்பி சும்மா இழுத்தா வர்ற ஸ்வரம் சோப்ரானோல இல்லவே இல்ல, ஆல்டோல அடில இருக்கு, மெதுவா ஊதுன்னா உறுமும். டெனர்ல அது நல்லா நடுவுல உக்காரும், அங்க குடுங்க. குதிரைக்கு ரெண்டு ஆல்டோவை ஜோடி போடுங்க, ஒருத்தர் ஒரு பார் வாசிச்சு அடுத்த பாரோட முதல் அடில விடணும், மத்தவர் அதே அடில பிடிக்கணும். ஒட்டு தெரியாது, மூச்சும் கிடைக்கும்.

தம்புரா_தாசன்: பிசிக்காட்டோ (கம்பியை விரலால சுண்டுறது) வர்ற இடத்துல ஸ்லாப் டங் (நாக்கால ரீடை அறைஞ்சு 'டப்'னு ஊதுறது) ஒரு பாரிடோனுக்கு மட்டும் எழுதுங்க. நாங்க ரெண்டு பேருக்கும் எழுதி, உரல் இடிக்கிற சத்தம்தான் வந்துச்சு 😀

ரீடுகடிச்சான்: ஏர் மைனர்ங்கறதை சுத்தமா மறந்துட்டேன், நல்லவேளை பார்ட் பிரிண்ட் எடுக்கல. நேத்து ரிகர்சல்ல ரெண்டு கீலயும் ஓட்டிப் பார்த்தோம், எஃப்னே முடிவாச்சு. குதிரை ஜோடி சூப்பரா வேலை செய்யுது, ஆனா மூணாவது ஆல்டோ சும்மா நிக்கிறதால செகண்ட் வயலின்ல பாதி அவருக்கு, மீதி டெனர். பேஸ் ஒரே ஆளுங்கறதால அவர் மூச்சு வாங்குற இடத்துல பாரிடோன் ஒரு ஆக்டேவ் மேல பிடிச்சுக்கிற மாதிரி சின்ன நோட்டா எழுதி வச்சிருக்கேன்.