‘ஃபர்ஸ்ட் கான்கிரீட்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ராதாபுரம் ஆசிரியை, திங்கள் இரவு

சொல் தேடும் மடற்குழுவினருக்கு வணக்கம். எங்கள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சுவர் அட்டவணை தயாரிக்கிறார்கள். உலகத்தில் கட்டப்பட்டுவரும் மின் நிலையங்கள். அணு உலை, காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் உண்டு. பாதிப் பேர் கூடங்குளம் சுற்றுவட்டாரம். அதனால் முதல் வரியே கூடங்குளம்தான். வெள்ளிக்கிழமை சிவகாசி அச்சகத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் ஒரே ஒரு தலைப்பில். ஒவ்வோர் அணு உலைக்கும் ‘ஃபர்ஸ்ட் கான்கிரீட்’ என்று ஒரு தேதி போடுகிறார்கள். கூடங்குளம் 3-க்கு 2017 ஜூன், 4-க்கு அதே ஆண்டு அக்டோபர், 5-க்கு 2021 ஜூன், 6-க்கு 2021 டிசம்பர். துருக்கியின் அக்குயு முதல் உலைக்கு 2018 ஏப்ரல், எகிப்தின் எல் தபாவுக்கு 2022 ஜூலை. நான் ‘கட்டுமானத் தொடக்கம்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், எங்கப்பா அதுக்கு முன்னாடியே அங்க மண்ணு அடிச்சாவளே, அது கட்டுமானம் இல்லையா?” என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

பாளையங்கோட்டை, செவ்வாய் காலை

அம்மா, சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கால்கோள். தொல்காப்பியர் நடுகல்லுக்குச் சொல்லும் துறைகளில் காட்சிக்கு அடுத்தது அதுதான். சிலம்பில் வஞ்சிக் காண்டத்தில் ஒரு காதைக்கே அந்தப் பெயர். இன்றைக்கும் கட்டட வேலை தொடங்கினால் கால்கோள் விழா என்று அழைப்பிதழ் அடிக்கிறோம். பழமையும் உண்டு, வழக்கும் உண்டு. இதற்குமேல் என்ன வேண்டும்? முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

அபுதாபி (சொந்த ஊர் வள்ளியூர்), செவ்வாய் மதியம்

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளக் கூடாது. கட்டடப் பொறியாளனாகச் சொல்கிறேன். கால்கோள் என்பது செத்தவருக்குக் கல் எடுக்கும் சடங்கின் ஒரு படி. கால்கோட் காதையில் கல் ஊர் வந்து சேருமுன் ஒரு பெரிய போரே நடந்துவிடுகிறது. 2011, 2012-இல் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கலாம். நினைவுக்கல் சொல்லை அணு உலைக்கு வைத்தால் அதைக் கேலி என்று எடுப்பார்களா, வேண்டுதல் என்று எடுப்பார்களா?

இன்னொன்று. விழா வேறு, இது வேறு. 2016 அக்டோபரில் மோடியும் புதினும் கோவாவில் இருந்தபடியே காணொளியில் 3, 4-ஆம் உலைகளுக்கு அடிக்கல் விழா நடத்தினார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கில் 3-ஆம் உலையின் பிறந்தநாள் 2017 ஜூன்தான். உலைக் கட்டடத்தின் அடித்தளப் பலகத்துக்கு, அதாவது கட்டடம் முழுதையும் தாங்கும் கனத்த தளத்துக்கு, கான்கிரீட் ஊற்றத் தொடங்கும் நாளையே அவர்கள் தொடக்கமாக எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் குழி தோண்டி, பாறையைச் சமன் செய்து, வெறுங் கான்கிரீட்டில் மட்டம் போட்டிருப்பார்கள். அதெல்லாம் கணக்கில் வராது. அந்தப் பையன் கேள்விக்குப் பதில் இதுதான்.

இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் சி இன்னும் வேடிக்கை. முதல் உலைக்குக் கணக்கில் உள்ள தொடக்கம் 2018 டிசம்பர். அதற்குள்ளேயே அந்த வளாகத்தில் எவ்வளவோ கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. பலகத்தை முடித்தது 2019 ஜூன். கடைசி ஊற்றல் மட்டும் 9,000 கன மீட்டர். ஆக, ‘முதல்’ என்பதே அரைப்பொய்.

நாங்குநேரி, செவ்வாய் இரவு

எங்கள் அப்பா கொத்தனார். அவர் எந்த வேலைக்குப் போனாலும் முதல் நாளை ‘வானம் தோண்டுகிற அன்னைக்கு’ என்றுதான் சொல்லுவார். அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று எவ்வளவு அழகான சொல்! அதை விட்டுவிட்டுச் சிலப்பதிகாரம் வரை போவானேன்?

பாளையங்கோட்டை, செவ்வாய் இரவு

தம்பி, அது வாணம். மூன்று சுழி.

நாங்குநேரி

ஐயா, இரண்டு சுழி. குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் மட்டும்தான் தெரியும். அதனால் வந்த பெயர்.

பாளையங்கோட்டை

கிணற்றுக்குள் நின்றாலும் வானம்தான் தெரியும். கிணற்றை ஏன் வானம் என்று சொல்லவில்லை?

(இதற்குப் பிறகு பதினான்கு மடல்கள் இதே பொருளில். ஆசிரியை பொறுத்துக்கொள்ள வேண்டும். – மட்டுறுத்துநர்)

யாழ்ப்பாணம், புதன் காலை

எங்கட பக்கம் அத்திவாரம் எண்டுதான் எழுதுவம். கொங்கிறீட்டைக் கொங்கிறீட்டு எண்டே விட்டாச்சு. அது ஒருத்தரையும் கடிக்கேல்ல.

மதுரை, புதன் காலை

கான்கிரீட் என்று எழுதுவது கூடவே கூடாது. கற்காரை என்று பாடநூலிலேயே இருக்கிறது. ‘முதற் கற்காரை’ என்று போடுங்கள். நாமே பயன்படுத்தாவிட்டால் யார் பயன்படுத்துவார்கள்?

நாங்குநேரி

அக்கா, எங்கள் ஊரில் காரை என்றால் சுவரிலிருந்து பெயர்ந்து விழுவது. ‘காரை விழுது, தள்ளிப் படு’ என்பார்கள். அணு உலைக்கு அந்தச் சொல் வேண்டாமே. தட்டட்டி, அதாவது மாடித் தளம், போடும் அன்றைக்கு வேலையாட்களிடம் போய் இன்று கற்காரை என்று சொன்னால், சாப்பாட்டில் ஏதோ புதுக் கறி என்று நினைப்பார்கள்.

கயத்தாறு, புதன் மதியம்

நீங்கள் எல்லாரும் உலையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அட்டவணையில் காற்றாலையும் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார்கள், யாராவது கவனித்தீர்களா? வட கடலில் கட்டும் டாகர் பேங்க், இங்கிலாந்துக் கரையிலிருந்து 130 கிலோமீட்டருக்கு அப்பால். 277 காற்றாலைகள், மொத்தம் 3,600 மெகாவாட். கூடங்குளத்தின் ஓடுகிற இரண்டு உலையும் சேர்ந்தே 2,000 மெகாவாட்தான். அங்கே அடியில் கான்கிரீட்டே கிடையாது. ஒரே இரும்புக் குழாயைக் கடல் தரைக்குள் சம்மட்டியால் இறக்குகிறார்கள். குஜராத்தின் காவ்டா உப்புப் பாலைவனத்தில் 30,000 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டு வேலை நடக்கிறது. அங்கே சூரியத் தகட்டுக்குக் கால் நடுவதுதான் முதல் வேலை. இதற்கெல்லாம் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

கடலுக்கு ‘முளை அடித்தல்’ என்று வைக்கலாம். மாடு கட்ட அடிக்கிறோமே, அதே முளை. அப்புறம், பாளை ஐயாவுக்கு ஆதரவாக ஒன்று: பழந்தமிழில் கால் என்றால் காற்று. கால்கோள் என்றால் காற்றைக் கொள்ளுதல். அது காற்றாலைக்காரன் சொத்து, அணு உலைக்குக் கொடுக்க மாட்டோம்!

பாளையங்கோட்டை

விளையாட்டாகச் சொன்னாலும் இலக்கணம் இடிக்கவில்லை. ரசித்தேன். ஆனால் வாணம் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

அபுதாபி, புதன் இரவு

முளை நல்ல சொல். ஒரு காலத்தில் தரையில் அடித்தது, இப்போது கடலில் முளைக்கிறது. உலைக்கு ‘அடித்தளக் கான்கிரீட்’ என்பது என் யோசனை. ‘முதல்’ என்ற பொய்யும் ஒழியும்.

மதுரை

கான்கிரீட்டுக்கு என் எதிர்ப்பு பதிவாகட்டும்.

ராதாபுரம் ஆசிரியை, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். கான்கிரீட் என்ற சொல்லோடு ஏழு பேர், கால்கோள் மூன்று, வானம் ஒன்று, கற்காரை ஒன்று. ‘அடித்தளக் கான்கிரீட்’ போடலாம் என்றுதான் ஆசை. அச்சகத்தில் கேட்டால் கட்டத்தின் அகலம் போதாது, எழுத்தைச் சுருக்கினால் பின் பெஞ்சுக்குத் தெரியாது என்கிறார்கள். ஆகவே ‘முதல் கான்கிரீட்’. டாகர் பேங்க்குக்கு ‘முதல் முளை’. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. காவ்டாவுக்கு இப்போதைக்குக் கோடு.

அடியில் ஒரு குறிப்பு எழுதினேன்: ‘மண் வேலையும் பாறை வேலையும் இதில் சேரா.’ அந்தப் பையன் படித்துவிட்டு முகம் வாடிப்போனான். ‘மண் வேலையும் பாறை வேலையும் இதற்கு முன்பே தொடங்கியவை’ என்று மாற்றியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை, வெள்ளி காலை

அச்சுக்குப் போகிறது என்பதால் விடுகிறேன், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த பதிப்பில் கால்கோள் வர வேண்டும்.

நாங்குநேரி, வெள்ளி மதியம்

ஐயா, அப்பாவிடமே கேட்டுவிட்டேன், இரண்டு சுழியா மூன்று சுழியா என்று. “சுழியாவது மண்ணாவது, எத்தனை அடின்னு கேளுல” என்கிறார்.

பாளையங்கோட்டை, வெள்ளி மதியம்

அவர் உச்சரிப்பைக் கவனித்தீர்களா? நாக்கு மடிந்ததா இல்லையா? பேரகராதியைப் பார்த்துவிட்டு நாளை விரிவாக எழுதுகிறேன்.