ஆழியரை எங்கே சந்தித்தோம்: ஓர் அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து

ஆழியர் என்ற கற்பனை வேற்றுலக இனத்தின் கதையை நாம் பலர் சேர்ந்து எழுதி வருகிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் தவறாமல் கேட்பது, "இப்படி ஓர் இனத்தை எங்கே பிடித்தீர்கள்?" என்பதுதான். நம்மில் ஒவ்வொருவரும் இந்தப் பூமியிலேயே எதையோ நேரில் பார்த்து, அது மனதை விட்டுப் போகாமல்தான் எழுத உட்கார்ந்தோம். அந்த அனுபவங்களை ஒரே இடத்தில் சொல்லி வைக்கலாமே. நான் ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஆழியர் வாழ்வது வியாழனின் நிலவான யூரோப்பாவில். 1610-ல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட நான்கு நிலவுகளில் ஒன்று. மேலே 15 முதல் 25 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி ஓடு, அதற்குக் கீழே 60 முதல் 150 கிலோமீட்டர் ஆழத்துக்கு உப்புக்கடல் இருக்கலாம் என்பது நாசாவின் மதிப்பீடு. அது சரியென்றால் பூமியின் கடல்களைப் போல இரு மடங்கு தண்ணீர் அங்கே உண்டு. யூரோப்பா வியாழனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 85 மணி நேரம் ஆகிறது. பாதை முழு வட்டம் இல்லை என்பதால் வியாழனின் இழுப்பு கூடிக் குறைகிறது, பனி ஓடு வளைந்து நிமிர்கிறது, விரிசல் விடுகிறது. வானத்தையே பார்த்திராத ஓர் இனத்துக்குப் பொழுது எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. 85 மணிக்கு ஒருமுறை தலைக்கு மேலே பனி முறிகிற சத்தம்தான் ஆழியரின் விடியல்.

அவர்களுக்கு உடல் கிடைத்தது மண்டபத்தில். அங்கே மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வடகடலில் ஐவிரல் சங்கின் ஓடுகளை நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிப் போட்டு ஆக்டோபஸ் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அவர்கள் பேச்சில் அது பேய்க்கணவாய். ஒளிய இடம் தேடும் பிராணி என்பதால் காலி ஓட்டைக் கண்டால் தானே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு மீனவ அண்ணன், ஆழமில்லாத பாறைப் பக்கம் என்னைக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கடியில் ஒரு பொந்தைக் காட்டினார். உள்ளே ஒரு தாய். பொந்தின் கூரையில் சரம் சரமாக முட்டைகள், ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடச் சின்னது. அது கைகளால் அவற்றைத் தடவிக்கொடுத்து, நீரை மெல்ல ஊதிக்கொண்டே இருந்தது. அழுக்கு படியக்கூடாது, காற்று குறையக்கூடாது, அவ்வளவுதான் அதன் கவலை. வாசலில் ஒரு நண்டு ஊர்ந்து போனபோது அது அசையவே இல்லை. கரையேறியதும் அண்ணன் சொன்னார்: "இனிமே அது எதையும் திங்காது தம்பி. குஞ்சு பொரிஞ்சதும் செத்துரும்."

அதற்குப் பிறகு ஆக்டோபஸ் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மூன்று இதயங்கள். செம்பு கலந்த நீல ரத்தம். சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. பெரும்பாலான இனங்களின் கண்ணில் ஒளியறியும் ஏற்பி ஒரே வகைதான், நம்மைப் போல நிறம் பிரித்துப் பார்க்க அது போதாது, ஆனால் நொடிக்குள் பாறையின் நிறத்துக்கு மாறிவிடும். இவ்வளவு அறிவுள்ள பிராணியின் ஆயுள் எவ்வளவு? சாதாரண ஆக்டோபஸ் ஒன்றிரண்டு வருஷம்தான் வாழும். தகப்பன் இணைசேர்ந்த கொஞ்ச காலத்தில் போய்விடும், தாய் குஞ்சு பொரிவதோடு போய்விடும். எந்தக் குஞ்சும் பெற்றவர்களிடமிருந்து எதையும் கற்பதில்லை. ஒவ்வொன்றும் உலகத்தை முதலிலிருந்து கண்டுபிடிக்கிறது.

எனக்கு இது பெரிய துயரமாகத் தெரிந்தது. ஆழியருக்கு இதே உடலைத்தான் கொடுத்திருக்கிறேன், ஆயுளை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். தாய் முகம் பார்க்காத இனத்துக்குச் சரித்திரம் எப்படி வரும்? பண்பாடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும்? தாயைச் சாகாமல் வைத்துக்கொண்டால் கதை சுலபமாகிவிடும், ஆனால் அது வேறு பிராணியாகிவிடும். அதனால் அதை மட்டும் மாற்ற மாட்டேன். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து

நான் பாய்லர் பராமரிப்பு வேலையில் இருக்கிறவன். இந்தக் கதையில் நான் முதலில் கவனித்தது, இவர்களுக்குத் தீ கிடையாது என்பதைத்தான். தண்ணீருக்குள் அடுப்பு எரியாது, இரும்பு உருகாது. விண்கலம் கட்டும் வேற்றுக்கிரகவாசிகளைப் படித்துப் பழகினவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் கடினமான தண்ணீர். பாய்லர் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்சுவரில் கல்லாகப் படிந்திருக்கும். குழாயின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உளியால் தட்டினாலும் சீக்கிரம் உடையாத படிவு. ஒருநாள் அந்தப் படிவின் முழு வளையம் ஒன்று கழன்று கையில் வந்தது. யாரும் வார்க்கவில்லை, தட்டவில்லை, தண்ணீரே செய்த வளையம்! ஆழியரின் பட்டறை எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

1977-ல் காலபாகஸ் பக்கம் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். வாயும் குடலும் இல்லாமல், உடலுக்குள் வாழும் பாக்டீரியா ஊட்டுவதை வைத்தே வளரும் குழாய்ப்புழுக்கள் அங்கே இருந்தன. இரண்டு வருஷம் கழித்துப் பசிபிக்கில் வேறோர் இடத்தில் 350 டிகிரிக்கும் மேலான சூட்டில் கறுப்பாகப் புகைவது போன்ற ஊற்றுகளையும் கண்டார்கள். இரும்பு, செம்பு, துத்தநாகத்தின் கந்தகச் சேர்மங்கள் குளிர்ந்த நீரில் பட்டதும் படிந்து, புகைபோக்கிகளாக வளர்ந்து நிற்கின்றன. யூரோப்பாவின் அடியிலும் இப்படி ஊற்றுகள் இருந்தால், ஆழியர் கிளிஞ்சல் ஓட்டை அச்சாக வைத்துக் கருவிகளை வளர்த்தெடுப்பார்கள். மெல்லிய கசிவில் வைத்தால் உறுதியாகப் படியும், ஆனால் காலம் பிடிக்கும். ஒரு நல்ல கத்தி வளர ஒருவருடைய ஆயுள் போதாது. தொடங்கியவர் செத்துப்போவார். அச்சு அங்கேயே இருக்கும். பிறகு பிறந்த யாரோ ஒருவர் அரைகுறையாக வளர்ந்த கத்தியைக் கண்டு, இது தானாக வந்ததில்லை, எனக்கு முன்னால் ஓர் ஆள் இருந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார். மதுரை நண்பர் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். பாதியில் நிற்கும் வேலைதான் அவர்களுக்கு முன்னோர் விட்டுப்போன கடிதம்.

கொடைக்கானலிலிருந்து

எனக்கு ஆழியரின் சரித்திரம் கிடைத்தது குறிஞ்சியில்.

2018-ல் நீலக்குறிஞ்சி பூத்தது. கேரளப் பக்கம் அந்த ஆகஸ்ட் மழையும் வெள்ளமும் பூப்பைக் கெடுத்தன, எங்கள் மலையில் சில சரிவுகள் நன்றாகவே பூத்தன. எல்லோரும் பூவைப் பார்க்க வந்தார்கள். நான் அதற்கடுத்த கோடையில் அதே சரிவுக்குப் போனேன். முழுக்கக் காய்ந்த குச்சிகள். ஒரு செடி மிச்சமில்லாமல் எல்லாம் செத்திருந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து பூத்து, விதை உதிர்த்து, சேர்ந்தே மடிகிற செடி அது. விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே நேரத்தில் விதை கொட்டுவதுதான் அதன் உபாயம் என்று தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள். காலுக்கடியில் குனிந்து பார்த்தால் ஈர மண்ணில் சின்னச்சின்ன நாற்றுகள். மலையில் ஒரு தலைமுறை முழுதாகப் போய், அடுத்த தலைமுறை முழுதாக வந்திருந்தது. நடுவில் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

ஆழியரின் ஆதிகாலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் ஒரே பருவத்தில் முட்டையிட்டு, ஒரே பருவத்தில் செத்து, கடலடி கொஞ்ச காலம் ஆளில்லாமல் கிடக்கும். பிறகு எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாக வெளிவரும். யாரிடமும் கேட்க முடியாது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே வயது. தூத்துக்குடி அண்ணன் சொல்லும் அரைகுறைக் கத்திகள் ஊற்றுகளின் பக்கத்தில் கிடக்கும். அவற்றைச் சுற்றி ஒரு கூட்டம் அனாதைகள் நின்று பார்ப்பார்கள். இதை எழுதும்போதே நெஞ்சு கனத்தது.

மலைவாழ் மக்கள் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்துக் கணக்கிட்டதாகச் சொல்வார்கள். செடி மறந்ததை மனிதர் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆழியருக்கு அப்படி நினைவு வைக்க இன்னோர் இனம் இல்லை. அடுத்த பூப்பு 2030-ல். யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய கிளிப்பர் விண்கலம் வியாழனை அடைவதும் அதே 2030-ல்தான். அந்த வருஷம் நாம் எல்லோரும் கொடைக்கானலில் கூடலாம், எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.

திருச்சியிலிருந்து

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காது கேட்கும் பெற்றோர். வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை. ஐந்து வயதில் வந்து சேரும்போது, சாப்பாடு, தண்ணீர், வலி என்று வீட்டில் பழகிய சில சைகைகளோடு வருவார்கள். மொழி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வகுப்பில் நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம்தான். ஆனால் மொழி அவர்களுக்குப் பிடிபடுவது விடுதியில், ராத்திரி விளக்கணைக்கும் வரைக்கும், பத்து வயது அக்காக்களிடமிருந்து. புதிதாக வந்த ஒரு குட்டி, அம்மாவை நினைத்து அழுது ஓய்ந்தபின் ஓர் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அடுத்த மாதம் அவளே யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிகரகுவாவில் இது ஒரு நாட்டளவில் நடந்தது. 1970-களின் இறுதியில் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை முதன்முறையாக ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது உதட்டசைவைப் படிக்க. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசிக்கொண்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை எடுத்து, பெரியவர்களிடம் இல்லாத இலக்கணத்தையும் சேர்த்து முழு மொழியாக்கினார்கள். இன்று அதை நிகரகுவா சைகை மொழி என்கிறோம். பெற்றோர் கொடுத்ததில்லை, ஆசிரியர் கொடுத்ததில்லை. பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது.

அதனால் எனக்குத் தாய் சாவது பிரச்சினையே இல்லை. கொடைக்கானல் தோழி சொன்ன மாதிரி எல்லோருக்கும் ஒரே வயது என்பதுதான் பிரச்சினை. நாலு வயது மூத்த ஓர் அக்கா இருந்தால் போதும். ஆழியர் தோலின் நிறத்தாலும் கைகளாலும் பேசுகிறவர்கள். பார்க்கிற தூரத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவர்களுக்கு மொழி வந்துவிடும், மொழி வந்தால் மற்ற எல்லாம் வரும். வரிசை கலைய ஒரு வழி கண்டுபிடியுங்கள்.

மீண்டும் மதுரையிலிருந்து

டீச்சர், வரிசை கலைய வழி இருக்கிறது, குளிர்தான் அந்த வழி. கலிபோர்னியாவின் மான்டரே கடலடிப் பள்ளத்தில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், ஓர் ஆக்டோபஸ் தாய் ஒரே பாறையில் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்ததை 2007 முதல் 2011 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 53 மாதங்கள். நண்டோ இறாலோ பக்கத்தில் வந்தாலும் அது தின்று அவர்கள் பார்க்கவில்லை. கரையோர வெதுவெதுப்பில் சில வாரங்களில் பொரியும் முட்டை, குளிர் ஆழத்தில் வருஷக்கணக்கில் வளர்கிறது.

ஆகவே ஆழியரின் ஆதிகாலம் குறிஞ்சிக் காலமாகவே இருக்கட்டும். ஊற்றுகளின் பக்கத்தில் வெதுவெதுப்பில் வாழ்ந்தவர்கள் ஒன்றாகப் பிறந்தார்கள், ஒன்றாகச் செத்தார்கள். இடமில்லாமல் ஒரு கூட்டம் குளிர்ந்த சரிவுக்கு ஒதுங்கியது. அங்கே முட்டைகள் நாலைந்து வருஷம் தாமதமாகப் பொரிந்தன. அந்தக் குஞ்சுகள் வெளிச்சமும் இரையும் தேடி ஊற்றுப் பக்கம் இறங்கி வந்தபோது, அங்கே தங்களைவிடப் பெரிய பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஆழியரின் மொழி பிறந்தது வெந்நீரும் குளிர்நீரும் சேரும் அந்த எல்லையில்தான். அதனால் அவர்களுடைய ஊர்கள் எல்லாம் எல்லையில்தான் இருக்கும், திருவிழாவும் சரிவிலிருந்து இளையவர்கள் இறங்கி வரும் நாளில்தான் நடக்கும்.

ஊர் எப்படி எழும்பியது என்பதற்கும் பூமியில் சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில் 2009-ல் ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. தனியாகவே வாழும் என்று நினைத்திருந்த ஆக்டோபஸ்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. தின்று வீசிய சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்து, அந்த மேடே அடுத்தடுத்து வந்தவர்கள் பொந்து அமைக்க இடமாகிவிட்டது. ஆழியரின் ஊர்மேடும் அதுவே. அதன் அடுக்குகளில் தூத்துக்குடி அண்ணனின் அச்சுகள் புதைந்திருக்கும்.

இனி எழுத வேண்டியது ஓர் அத்தியாயம், எனக்குக் கடினமாக இருப்பது அதுதான். 1977-ல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டை காக்கும் பெண் ஆக்டோபஸ்களின் கண்ணருகே உள்ள சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அவை மறுபடியும் இரை தின்றன, மாதக்கணக்கில் கூடுதலாக வாழ்ந்தன. ஆனால் முட்டைகளை விட்டுவிட்டன. ஆழியரிடம் இப்போது கூர்மையான கத்தி இருக்கிறது. ஒருநாள் ஒருத்தி அந்தச் சுரப்பியை அறுத்துக்கொள்வாள். அவள் ஆழியரின் முதல் கிழவி ஆவாள், யாருக்கும் தெரியாத பழைய சங்கதிகளைச் சொல்ல உயிரோடு இருப்பாள். ஊர் அவளிடம் கதை கேட்க வரும், அவள் விட்டுப்போன முட்டைகளைச் சுட்டிக்காட்டவும் வரும். அந்த முட்டைகளை ஊதிக் காத்தது, சரிவிலிருந்து இறங்கி வந்த ஓர் இளைய பெண் என்று வைத்திருக்கிறேன். அந்த இளையவளின் பக்கத்திலிருந்து இந்த அத்தியாயத்தை டீச்சர் எழுதினால் நன்றாக இருக்கும். கிழவியின் பக்கத்தை நான் எழுதுகிறேன்.